248 நாள்: பஞ்சாங்கத்துக்குள் ஒரு பழைய முடுக்கம்

பள்ளிப் பாடநூல்களில் சுழற்சி இயக்கம் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நேர்க்கோட்டில் ஓடும் பொருள். அதற்குரிய சமன்பாடுகளை மாணவர் படித்து முடித்த பிறகு, தூரம் இருந்த இடத்தில் கோணம், வேகம் இருந்த இடத்தில் கோண வேகம், முடுக்கம் இருந்த இடத்தில் கோண முடுக்கம் என்று எழுத்துகளை மாற்றிப் போட்டு அதே சமன்பாடுகளை மறுபடியும் தருவார்கள். ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு வேகம் கூடிக்கொண்டே போகும் சக்கரம் மொத்தம் எவ்வளவு கோணம் திரும்பியது என்று அறிய, தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி நேரத்தால் பெருக்க வேண்டும். இந்த விதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறும் நேர்க்கோட்டு வரலாறுதான்: 1335இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹெய்ட்ஸ்பரி எழுதிய தர்க்க நூல், சில பத்தாண்டுகளுக்குள் பிரான்சில் நிக்கோல் ஒரேம் வரைந்த முக்கோணம், 1638இல் கலிலியோ வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’. இந்த வரிசையில் பிழை இல்லை, ஆனால் அதன் முன்பகுதி விடுபட்டிருக்கிறது. சீரான கோண முடுக்கம் என்ற கருத்து சக்கரத்தையோ விழும் கல்லையோ ஆராய்ந்தவர்களிடம் முதலில் தோன்றவில்லை. நாள் கணிக்கும் தொழிலில், அந்தத் தொழிலின் நெருக்கடிகளால், ஹெய்ட்ஸ்பரிக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது. அதன் தடயம் ஒன்று தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளத்தில் இன்றும் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பாபிலோன் நகரத்தில் மார்துக் கடவுளுக்கு எசகிலா என்ற பெருங்கோயில் இருந்தது. வானத்தைப் பார்த்து எழுதியவர்கள் அந்தக் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த எழுத்தர்கள். அவர்களுடைய வான நாட்குறிப்புகளில் காலம் தெரிந்த மிகப் பழையது கி.மு. 652ஐச் சேர்ந்தது, கடைசியானது கி.மு. 61. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஒரே ஊரில், தலைமுறை மாறி தலைமுறை, நிலவு எங்கே நின்றது, கோள் எப்போது தோன்றியது, ஆற்றில் நீர் எவ்வளவு உயர்ந்தது, வாற்கோதுமை என்ன விலை விற்றது என்று களிமண் பலகைகளில் ஆப்பு வடிவ எழுத்தால் பதிந்து வந்திருக்கிறார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆவணங்களில், கோயில் அவை இவர்களுக்கு வெள்ளியும் நிலமும் ஊதியமாக ஒதுக்குவதும், தந்தையின் இடத்துக்கு மகன் வருவதும், வான அவதானமும் ஆண்டுக் கணக்கும் ஒப்படைப்பது அவர்கள் கடமை என்று விதிப்பதும் தெரிகின்றன. ஆர்வத்துக்காக வானம் பார்த்தவர்கள் என்று இவர்களை எண்ணுவது பொருந்தாது. குறித்த நாளில் குறித்த கணக்கைக் கொடுத்தாக வேண்டிய தொழிலாளர்கள் இவர்கள். மாதம் முதல் பிறையோடு தொடங்கும் நாட்காட்டி அவர்களுடையது. பிறை இன்று தெரியுமா நாளை தெரியுமா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிரகணம் வருமா என்றும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நிலவின் இடம் நாள்வாரியாகத் தெரிந்தாக வேண்டும்.

நிலவோ ஒரே வேகத்தில் நகர்வதில்லை. விண்மீன்களின் பின்னணியில் சில நாள் பன்னிரண்டு பாகைக்கும் குறைவாக நகரும். சில நாள் பதினைந்து பாகையைத் தொடும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எழுத்தர்களுக்கு வானத்தில் தூரம் என்பது தெரியாது. நிலவு எத்தனை காதம் தள்ளி இருக்கிறது என்ற கேள்விக்கே அவர்கள் கணக்கில் இடமில்லை. அவர்கள் அளந்தது கோணத்தை மட்டுமே. ராசிச் சக்கரத்தைப் பன்னிரண்டு பங்காகவும் ஒவ்வொரு பங்கையும் முப்பது பாகையாகவும் பிரித்து வைத்தவர்களும் அவர்களே. ஆகவே அவர்கள் வேகம் என்று எழுதியதெல்லாம் கோண வேகம். வேகம் மாறுகிறது என்று எழுதியதெல்லாம் கோண முடுக்கம். நாம் நேர்க்கோட்டுச் சமன்பாட்டிலிருந்து கோணச் சமன்பாட்டுக்குப் போகிறோம். அவர்களுக்கு அந்த முதல் படியே கிடையாது.

மாறும் வேகத்தைக் கணக்கில் கொண்டுவர அவர்கள் எடுத்த வழி மிக எளியது. கி.மு. கடைசி மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலகைகளில் நிலவின் அன்றாட இயக்கம் இப்படி வருகிறது: மிகக் குறைந்த வேகம் நாளொன்றுக்கு 11 பாகை 6 கலை 35 விகலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). மறுநாள் அதோடு 18 கலை கூடும். அடுத்த நாள் இன்னும் 18 கலை. இப்படியே ஏறி 15 பாகை 14 கலை 35 விகலை என்ற உச்சத்தைத் தொட்டதும் அதே 18 கலை வீதம் இறங்கத் தொடங்கும். வரைந்து பார்த்தால் ஏறி இறங்கும் மரம்வெட்டி வாளின் பல்வரிசை போலிருக்கும். ஏறுமுகத்தில் மாறாத கோண முடுக்கம், இறங்குமுகத்தில் அதே அளவு மாறாத கோண எதிர்முடுக்கம். இப்போது அந்த எண்களைக் கூர்ந்து பார்க்கலாம். இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு 4 பாகை 8 கலை, அதாவது 248 கலை. நாளுக்கு 18 கலை வீதம் ஏறவும் இறங்கவும் மொத்தம் 496 கலை. 496ஐ 18ஆல் வகுத்தால் 248இல் ஒன்பதில் ஒரு பங்கு. நிலவின் வேகம் ஒருமுறை ஏறி இறங்கி முடிக்க 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகும் என்பது இதன் பொருள். இது முழு நாளில் முடியாது. ஆனால் ஒன்பது சுற்று முடிந்தால் சரியாக 248 நாள். பட்டியல் தொடங்கிய அதே எண்ணில் வந்து நிற்கும். 248 வரி எழுதி வைத்துக்கொண்டால் மறுபடி எழுத வேண்டிய தேவையில்லை. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. நேற்றைய எண்ணோடு 18ஐக் கூட்டத் தெரிந்த எவரும் நிலவைத் தொடரலாம். சீரான முடுக்கத்தை அந்த எழுத்தர்கள் தேர்ந்தெடுத்த காரணம் இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். மாறும் அளவுகளில் கூட்டலால் மட்டுமே பிடிக்கக்கூடிய மிக எளிய மாற்றம் சீரான மாற்றம்.

இதைப் படித்ததும் எழும் முதல் மறுப்பு நியாயமானது. இது வெறும் எண் பட்டியல். ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் இருந்துவிட்டால் அது முடுக்கம் பற்றிய அறிவாகிவிடுமா? வேகத்தைக் காலத்தோடு சேர்த்து ஒரு முழு உருவாக அவர்கள் கண்டார்களா? 2016 வரை இதற்குத் தயக்கத்தோடுதான் பதில் சொல்ல முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் வானியல் வரலாற்றாய்வாளர் மத்தியூ ஒசென்ட்ரெய்வர் ‘சயின்ஸ்’ இதழில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துப் பலகைகள் ஐந்தின் வாசிப்பை வெளியிட்டார். கி.மு. 350க்கும் 50க்கும் இடைப்பட்ட அந்தப் பலகைகள் வியாழன் கோளைப் பற்றியவை. கோள் விடியலில் முதலாவதாகத் தோன்றும் நாளில் அதன் வேகம் நாளுக்கு 12 கலை. அறுபது நாள் கழித்து 9 கலை 30 விகலை. இடையில் வேகம் சீராகக் குறைகிறது. பலகை தரும் வழிமுறை இதுதான்: இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கி அறுபதால் பெருக்கு, 10 பாகை 45 கலை வரும், வியாழன் நகர்ந்தது அவ்வளவு. அடுத்த அறுபது நாளில் வேகம் 9 கலை 30 விகலையிலிருந்து 1 கலை 30 விகலைக்கு இறங்குகிறது. அதே முறையில் 5 பாகை 30 கலை. ஹெய்ட்ஸ்பரியின் விதி என்று நாம் படிப்பது முழுமையாக இங்கே இருக்கிறது. அதைவிட முக்கியமானது, இந்தக் கணக்கைச் செய்தவர்கள் அதை ஒரு சரிவகமாகக் கண்டார்கள் என்பது. சரிவகத்தின் இரண்டு இணைப்பக்கங்கள் இரண்டு வேகங்கள், உயரம் அறுபது நாள், பரப்பளவு கோள் கடந்த கோணம். அந்தப் பரப்பை இரு சம பாகமாக வெட்டி, கோள் பாதித் தொலைவைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்றும் கணக்கிடுகிறார்கள். சுமார் 28 நாள் வருகிறது. வேகம் குறைந்துகொண்டே போவதால் முதல் பாதி முப்பது நாளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சரிவகத்தை இப்படிச் சமமாக வெட்டும் முறை மெசபடோமியாவில் இதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. சகோதரர்களுக்கு நிலத்தைப் பாகம் பிரிக்கும் கணக்குகளில் அது வருகிறது. நிலம் அளந்தவர்களின் உருவத்தை எடுத்து, அகலம் இருந்த இடத்தில் வேகத்தையும் நீளம் இருந்த இடத்தில் காலத்தையும் வைத்த அந்தப் பெயர் தெரியாத எழுத்தரின் துணிவு என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. முடுக்கம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு திருப்பு விசை வேண்டும். பாபிலோனியரிடம் அது இல்லையே என்பார்கள். இல்லைதான். ஆனால் கலிலியோவிடமும் அது இல்லை. ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் விழும் பொருளின் முடுக்கத்துக்குக் காரணம் தேட இது இடமில்லை என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவிட்டு, முடுக்கம் எப்படி நிகழ்கிறது என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொள்கிறார். காரணத்தைத் தள்ளி வைத்து இயக்கத்தை மட்டும் கணக்கிடுவது இயக்கவியலின் குறை அல்ல. அதன் முதல் படி அதுவே. நிலவு உண்மையில் சீராக முடுக்கம் அடைவதில்லை என்ற மறுப்புக்கு எடை அதிகம். உச்சத்திலும் தாழ்விலும் அதன் வேகம் மெல்ல வளைந்து திரும்புகிறது. வாள்பல் போலச் சட்டென்று முறிவதில்லை. பாபிலோனியரின் உச்ச தாழ்வு எண்கள் உண்மையோடு முழுதும் ஒட்டவும் இல்லை. ஆயினும் சராசரி நாளுக்கு 13 பாகை 10 கலை 35 விகலை. இது இன்றைய அளவோடு விகலை அளவில் பொருந்துகிறது. ஏறி இறங்கும் காலமும் மிக நெருக்கமானது. சராசரியும் காலமும் சரியாக இருந்தால், நடுவில் ஏற்படும் பிழை சேர்ந்துகொண்டே போகாமல் ஒவ்வொரு சுற்றிலும் தானே கரைந்துவிடும். நாள் கணிப்பவருக்கு வேண்டியது அதுதான்.

இந்தக் கணக்கு பாபிலோனோடு நின்றிருந்தால் தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியாகவே இருந்திருக்கும். அது பயணப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கிரேக்க ஆசிரியர் கெமினோஸ், தம் வானியல் அறிமுக நூலின் இறுதி அத்தியாயத்தில் அதே தாழ்வு, அதே உச்சம், அதே 18 கலையைப் பாபிலோனியரைக் குறிக்கும் கல்தேயர் என்ற பெயரோடு சேர்த்துத் தருகிறார். எகிப்தில் எழுதப்பட்டு இன்று மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுப் பாபிரஸ் ஒன்று, நிலவின் இடத்தைக் காண 248 நாள் சுற்றையும் 3031 நாள் சுற்றையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. இதே இரண்டு எண்களும் இந்தியாவில் வராகமிகிரரின் ‘பஞ்சசித்தாந்திகா’வில், வசிஷ்ட சித்தாந்தத்தைச் சுருக்கிச் சொல்லும் பகுதியில் வருகின்றன. அந்த நூலின் கணக்கு தொடங்கும் ஆண்டு கி.பி. 505. வசிஷ்ட சித்தாந்தம் நாளை ஒன்பது பதங்களாகப் பிரிக்கிறது. 248 பதம் சேர்ந்தால் நிலவின் வேகச் சுற்று ஒன்று. முதல் 124 பதங்களுக்கு அது தரும் சூத்திரம்: பத எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து ஐந்தால் பெருக்கி, 1094ஐக் கூட்டி, மறுபடி பத எண்ணால் பெருக்கி, 63ஆல் வகுத்தால் கலைகள் கிடைக்கும்; பதத்துக்கு ஒரு பாகை வீதம் அதோடு சேர்க்க வேண்டும். ஒன்பது பதத்துக்கு, அதாவது முதல் நாளுக்கு, செய்து பார்த்தால் 702 கலை, 11 பாகை 42 கலை. பத எண் தன்னையே பெருக்கிக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலத்தின் வர்க்கம் வரும் சூத்திரம் இது. பாடநூலில் கோண முடுக்கத்துக்கு எழுதும் சமன்பாட்டின் உடன்பிறப்பு. அதிலிருந்து முடுக்கத்தைப் பிரித்தெடுத்தால் நாளுக்கு நாள் ஏறத்தாழ 13 கலை. உச்ச வேகம் 879 கலைக்குப் போகிறது. உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தமக்கு முந்தியது என்று தொகுத்து வைத்த ஒரு நூலில் சீரான கோண முடுக்கம் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் காத்திருக்கிறது. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. 248, 3031 என்ற எண்கள் பாபிலோனிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நிலவின் வேகச் சுற்று 27.55455 நாள். இந்தப் பின்னத்தைத் தொடர்பின்னமாக விரித்தால் வரும் தோராயங்களில் 55/2க்கு அடுத்தது 248/9, அதற்கு அடுத்தது 3031/110. முழு நாளில் முடியும் நல்ல சுற்றைத் தேடும் எந்த நாட்டு வானியலாரும் தம் சொந்த அவதானத்தால் இந்த இரண்டு எண்களிலும் வந்து சேரலாம். எண்ணை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வசிஷ்ட சித்தாந்தத்தில் இருப்பது எண் மட்டுமல்ல. வேகம் ஒரே வீதத்தில் ஏறி ஒரே வீதத்தில் இறங்கும் என்ற தேர்வும் அதோடு இருக்கிறது. இயற்கை அந்தத் தேர்வை யாருக்கும் சொல்லித் தரவில்லை; நிலவு அப்படி நடப்பதில்லை. சரியான விடையில் இருவர் ஒன்றுபட்டால் இருவரும் தனித்தனியே கண்டிருக்கலாம். ஒரே வகையான, உண்மையிலிருந்து ஒரே விதமாக விலகும் எளிமைப்படுத்தலில் மூன்று நாட்டவர் ஒன்றுபட்டால், கைமாற்றம் நடந்தது என்று கொள்வதே பொருத்தம். இந்தக் கைமாற்றம் இந்திய வானியலின் பெருமையைக் குறைப்பதாக எண்ணுவோர் உண்டு. முடுக்க வீதம் 18 கலையிலிருந்து 13 கலைக்கு மாறியிருப்பதே, வாங்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பதற்குச் சான்று. தங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஒரு காலத்தில் வகித்த ஜான் வாரன் 1825இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணம் கணித்த விதத்தை அதில் அவர் விவரிக்கிறார். கணிதர் கையில் ஏடு இல்லை. தரையில் சோழிகளை வைத்து எண்களைக் குறித்தார். வேண்டிய பட்டியல்கள் அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. அதே ஆண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் கண்ட நேரம், தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் மட்டுமே தவறியது. 1952இல் ஓட்டோ நாய்கபவர் ‘ஒசிரிஸ்’ இதழில் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரை இந்தக் காட்சியிலிருந்துதான் புறப்படுகிறது. பாபிலோனியப் பலகைகளை வாசிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட அவருக்கு, புதுச்சேரிக் கணிதரின் 248 உடனே கண்ணில் பட்டது. அந்தக் கணிதருக்குத் தாம் செய்வதன் கோட்பாடு தெரியாது என்று இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதை ஒரு குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோட்பாட்டை அறியாதவர் கையிலும் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதற்காகவே அந்த முறை வடிவமைக்கப்பட்டது. எசகிலாவில் 18ஐக் கூட்டிக்கொண்டு போன இளம் எழுத்தருக்கும் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தலைமுறைகளைத் தாண்டி ஒரு தொழில் நிலைப்பது இப்படித்தான்.

புதுச்சேரிக் கணிதர் நினைவில் வைத்திருந்தவை வாக்கியங்கள். கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் எண் கிடைக்கும். வரருசி செய்ததாகச் சொல்லப்படும் சந்திர வாக்கியங்கள் 248. நாளுக்கு ஒன்று. நிலவு மிக மெதுவாக நகரும் நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நாள் முடிவிலும் அது எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை அவை சொல்லும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. இரண்டாவது 24 பாகை 9 கலை. 248ஆவது, முழுச் சுற்றுகளை நீக்கியபின், 27 பாகை 44 கலை. இப்போது இந்த வாதத்தின் மிக நுட்பமான இடத்துக்கு வருகிறோம். முதல் நாள் இயக்கம் 12 பாகை 3 கலை. இரண்டாம் நாளுக்கு மட்டும் உரியது 12 பாகை 6 கலை. வேகம் கூடியது 3 கலை. சீரான முடுக்கமாக இருந்தால் வசிஷ்ட சித்தாந்தத்தின்படி 13 கலையோ, பாபிலோனின்படி 18 கலையோ கூடியிருக்க வேண்டும். ஆகவே வாக்கியங்களுக்குள் இருப்பது பழைய ஏறுமுக இறங்குமுகக் கணக்கு அல்ல. மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து கூடி, மறுபடி மெல்ல அடங்கும் மாற்றம் அது. ஆரியபடர் மரபின் சைன் அட்டவணையால் கணக்கிடப்பட்டது. நிலவின் உண்மை இயக்கத்துக்கு அது நெருக்கமானது. பின்னர் கேரளத்தில் சங்கமகிராம மாதவர் அதே 248 வாக்கியங்களை விகலை வரை கூர்மைப்படுத்தினார்.

எனவே வாக்கியப் பஞ்சாங்கம் பாபிலோனியக் கணக்கின் நகல் என்று சொன்னால் அது தவறு. வேகம் ஒரே வீதத்தில் மாறும் என்ற அனுமானம் இங்கே கைவிடப்பட்டுவிட்டது. எஞ்சியது அதன் கட்டமைப்பு: ஒன்பது சுற்றுக்கு 248 நாள், நாளுக்கு ஒரு வரி, பட்டியல் முடிந்தால் மறுபடி முதல் வரி, மிகக் குறைந்த வேகத்தில் தொடக்கம். உள்ளே இருந்த இயக்க விதியை முக்கோணவியல் மாற்றியது; வெளிச்சட்டத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. புதுச்சேரிக்கு அருகிலேயே ரோமானிய வணிகம் நடந்த அரிக்கமேடு இருப்பதால், இந்தக் கணக்கு கடல் வழியாக நேரே தமிழகக் கரையில் இறங்கியது என்று சொல்லும் ஆசை எழலாம். அதற்கு ஆதாரம் இல்லை. உஜ்ஜயினி வரை வந்த தடம் எழுத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே வந்தது என்பதற்கு அதுவே போதுமானது. வாக்கியம் என்ற வடிவமோ, எண்ணைச் சொல்லாக்கி நாவில் ஏற்றிய கலையோ, தென்னாட்டின் சொந்தப் படைப்பு. களிமண் பலகை செய்த வேலையை இங்கே மனித நினைவு செய்தது.

248ஆல் மட்டும் நெடுங்காலம் ஓட்ட முடியாது என்பதும் அந்தக் கணிதர்களுக்குத் தெரியும். ஒன்பது உண்மைச் சுற்றுகள் 248 நாளுக்குச் சுமார் 13 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. ஐம்பது முறை சுற்றினால் பிழை கிட்டத்தட்ட அரை நாளாகிவிடும். அதற்குத்தான் 3031. அதன் 110 சுற்றுகளில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 3031ஐ நான்கு முறை எடுத்து 248ஐச் சேர்த்தால் 12,372 நாள், 449 சுற்று. வாரன் பதிவு செய்த முறையில் இவற்றுக்குக் கடபயாதிப் பெயர்களும் உண்டு. 248க்குத் தேவரம் என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஞ்சிப் பகுதியில் உருவானதாகக் கருதப்படும் ‘வாக்கியகரணம்’ இந்த மரபின் கைநூல், 1962இல் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைச் சென்னையில் பதிப்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதமே வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதம் என்ற அந்த முறையில் புதிய பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு அதன்பின் ஓயவில்லை. நிலவின் இன்றைய இடத்தைச் சரியாகச் சொல்வதில் திருக்கணிதம் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வாக்கிய முறையில் கணிக்கப்படும் பாம்புப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் அச்சாகி விற்கிறது. பல கோயில்களின் விழாக்கள் வாக்கியத்தின்படியே நடக்கின்றன. அதன் சந்திர கணக்கு இன்றும் இப்படித்தான் தொடங்கும்: கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதில் 16,00,984 நாளைக் கழித்துவிட வேண்டும், அது நம்மைக் கி.பி. 1282க்குக் கொண்டுவந்து விடும். மீதியை முதலில் 12,372ஆலும், அதன் மீதியை 3031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுக்க வேண்டும். கடைசியில் எத்தனை நாள் மிஞ்சுகிறதோ, அத்தனையாவது வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.